பெரியவங்க மருந்துப் பைய ஒருதடவ கொட்டிப் பாருங்க

செங்கோட்டை, புளியரை பக்கம் நம்ம வீடுகள்ல டாக்டர் எழுதுன மாத்திரை ஒரு பக்கம், கேரளாவுல புனலூர் போனப்ப வாங்குன ஆயுர்வேத அரிஷ்டம், கஷாயம் இன்னொரு பக்கம், மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்குன வலி மாத்திரை வேற. ஆச்சிகிட்ட என்ன மருந்து சாப்பிடுதியன்னு கேட்டா டாக்டர் குடுத்தத மட்டும்தான் சொல்லுவாங்க, மத்ததெல்லாம் அவங்களுக்கு மருந்தே இல்ல. எங்க ஆச்சி தலகாணிக்கு அடியில பேரு கிழிஞ்ச அட்டையில ரெண்டு மாத்திரை இருந்துச்சு, எதுக்குன்னு அவங்களுக்கே தெரியல.

அதனால தைலம், லேகியம் உட்பட எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு டாக்டர் மேசைல வைங்க. மலையாள லேபிள்னா படிக்கத் தெரிஞ்சவங்கள வச்சு பேர எழுதிக்கோங்க.

ரொம்ப கவனமா பாக்க வேண்டியது வலி மாத்திரைதான். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் பிரஷர ஏத்தும், வயித்துல புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்களுக்கு ரத்தக்கசிவே வரலாம். பாராசிட்டமால் பரவால்ல, ஆனா பல சளி மாத்திரைலயும் அதே இருக்கும், தெரியாம டபுளா போயிரும். சில சளி மாத்திரை தூக்கக் கலக்கத்த குடுக்கும், ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்துட்டா இடுப்பெலும்பு போச்சு.

அதிமதுரம் நெறைய நாள் எடுத்தா பிரஷர் ஏறும். சுகர் மாத்திரையோட தெனமும் பாகக்கா ஜூஸ் குடிச்சா சுகர் ரொம்ப எறங்கலாம். அரிஷ்டத்துல நொதிச்சு வந்த ஆல்கஹால் இருக்கு, தூக்க மாத்திரை போடுறவங்க கேக்காம குடிக்க வேண்டாம்.

டாக்டர் மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க.