மெத்தை வாங்கப் போறீங்களா? முதல்ல ஜிப்பைத் திறங்க

டெல்லிக்கு மாற்றலாகி வருகிற நம் ஊர்க்காரர்கள் வீடு பிடித்த கையோடு என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, மெத்தை எந்தக் கம்பெனி நல்லது?" மயூர் விஹாரில் வீட்டிலிருந்தபடியே சோபா கவர், குஷன், திவான் செட் தைத்துக் கொடுக்கிறேன். ஃபோம் கடைக்கும் துணிக்கடைக்கும் அலைவதுதான் பிழைப்பு. அதனால் என்னைக் கேட்கிறார்கள். நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. ஒரே கம்பெனி பத்தாயிரத்துக்கும் மெத்தை போடுகிறது, ஐம்பதாயிரத்துக்கும் போடுகிறது. மேலே தைத்த லேபிள் இரண்டிலும் ஒன்றுதான். உள்ளே எதை வைத்தான், எவ்வளவு வைத்தான் என்பதற்குத்தான் நாம் காசு கொடுக்க வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் கட்டிலை அளந்துவிடுங்கள். கடையில் ரெடியாகக் கிடைக்கும் நீளம் 72, 75, 78 இஞ்ச். அகலம் 36, 48, 60, 72. இங்கே வாடகை வீடுகளில் கிடக்கும் பெட்டிக் கட்டில்கள் தச்சர் கையால் அடித்தவை. "ஆறுக்கு ஆறு" என்று வீட்டுக்காரர் சொல்வார். டேப்பை வைத்தால் தலைமாட்டில் 72, கால்மாட்டில் எழுபத்தொன்றரை. அதனால் சட்டத்தின் உள்பக்கத்தைத் தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பைச் செருக அரை இஞ்ச் இடைவெளியும் வேண்டும். கட்டில் ஏடாகூடமான அளவில் இருந்தால் கடைக்காரர் அந்த அளவுக்கே செய்து தருவார், ஆனால் அப்படிச் செய்த மெத்தையைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு இஞ்ச் வித்தியாசம்தான் என்றால் ரெடி அளவிலேயே வாங்கிக்கொண்டு, கால்மாட்டு இடைவெளியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்துவிடுவது மேல்.

பெட்டிக் கட்டிலில் இன்னொரு சங்கதி. ரஜாய் (குளிருக்குப் போர்த்தும் பஞ்சு வைத்த போர்வை), ஸ்வெட்டர் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். நவம்பரில் அதை எடுக்க மூடியைத் தூக்க வேண்டும். மேலே 72க்கு 72 அளவில் கனமான மெத்தை கிடந்தால் ஒரு ஆளால் ஆகாது. நான் சொல்வது, 36 இஞ்ச் அகலத்தில் இரண்டு மெத்தையாக வாங்குங்கள். லிஃப்ட் இல்லாத டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய) ஃப்ளாட்டில் மூன்றாம் மாடி என்றால் இது இன்னும் முக்கியம். ஸ்பிரிங் மெத்தை மடங்காது, அந்தக் குறுகின படிக்கட்டுத் திருப்பத்தில் பெரிய மெத்தை சிக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் கோடு விழுமே என்று புதுசாகக் கல்யாணமானவர்கள் தயங்குவார்கள். இரண்டுக்கும் மேலே ஒரே டாப்பர், அதாவது மெல்லிய மேல்மெத்தை, போட்டால் தெரியாது.

இனி உள்ளே இருப்பது. இன்று விற்கும் மெத்தையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஃபோம் இருக்கும். ஸ்பிரிங் மெத்தையிலும் மேலடுக்கு ஃபோம்தான். ஃபோமின் தரத்தைக் காட்டும் முதல் எண் டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. கடைக்காரர் "ஃபார்ட்டி டென்சிட்டி மேடம்" என்று வாயால் சொல்வார். சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. 72க்கு 36, உயரம் 6 இஞ்ச் என்ற மெத்தை கிட்டத்தட்ட சரியாகக் கால் கன மீட்டர். எனவே டென்சிட்டியை நாலால் வகுத்தால் கிலோ வந்துவிடும். 40 என்றால் 10 கிலோ, 32 என்றால் 8, 24 என்றால் 6. கவருக்கு ஒன்றிரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 40 என்று எழுதிய மெத்தை கவரோடு சேர்த்தே 8 கிலோதான் நிற்கிறது என்றால் எழுதினது பொய். குளியலறைத் தராசில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று உங்கள் எடையைக் கழிக்கலாம். சுருட்டி வரும் மெத்தை என்றால் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். ஆன்லைனில் எடையையும் போட்டிருப்பார்கள், பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

தினம் படுக்கிற மெத்தைக்கு 32க்குக் கீழே வேண்டாம், முடிந்தால் 40 வாங்குங்கள். விருந்தாளி வந்தால் விரிக்கிற மெத்தைக்கு 28 தாராளம். எடையிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. பெயரில்லாத ஃபோமில் சுண்ணாம்புத் தூள் மாதிரி கலந்து கனத்தை ஏற்றிவிடுவார்கள். வெட்டின ஓரத்தை விரலால் தேயுங்கள். பொடி உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் நல்ல ஃபோம் பள்ளத்தை உடனே நிரப்பிக்கொள்ளும். மெமரி ஃபோம் மட்டும் மெதுவாக எழும், அது அதன் குணம்.

ரீபாண்டட் என்று ஒன்று சொல்வார்கள். ஃபோம் கழிவுகளைத் துண்டாக்கி, பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. பல நிறப் பொட்டுகளாக இருக்கும், பார்த்தாலே தெரியும். நான் வெட்டிப் போடும் துண்டுகளைக்கூட மூட்டை கட்டி எடுத்துப் போகிற ஆள் இருக்கிறார், போய்ச் சேருகிற இடம் இதுதான். இதைக் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். கீழே நாலு இஞ்ச் ரீபாண்டட், மேலே இரண்டு இஞ்ச் நல்ல ஃபோம் என்பது சிக்கனமான, உழைக்கிற சேர்க்கை. 80 டென்சிட்டி ரீபாண்டட்டும் 40 டென்சிட்டி ஃபோமும் போட்டால், மேலே சொன்ன ஒற்றை மெத்தை அளவில் 17 கிலோ வரும். ஆனால் முழுக்க ரீபாண்டட்டை அடைத்து, மேலே விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச் ஒட்டி, "ஆர்த்தோ" (முதுகெலும்புக்கு நல்லதாம்) என்று இரட்டை விலை சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

அதற்குத்தான் ஜிப்பைத் திறக்கச் சொல்கிறேன். ஜிப் வைத்த கவரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் திறந்து அடுக்குகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றையும் டேப்பால் அளந்து போட்டோ எடுங்கள். ஜிப் இல்லாமல் சுற்றித் தைத்திருந்தால் வெட்டிக் காட்டும் சாம்பிள் துண்டு கடையில் இருக்கும். அதுவும் இல்லை என்றால் அடுத்த கடை. கவர் துணி பளபளவென்று இருப்பதில் மயங்க வேண்டாம், அதன் மேல் நாம் விரிப்பு போடத்தான் போகிறோம்.

"ஆர்த்தோ" என்ற சொல்லைப் பற்றி. டாக்டர் கையெழுத்துப் போட்ட மாதிரி அது தொனிக்கும். யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முதுகுவலிக்குக் கல் மாதிரி படுக்கைதான் நல்லது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கடின மெத்தையும் மீதிப் பேருக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. ஒருக்களித்துத் தூங்குகிறவர்களுக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்கியாக வேண்டும், பலகையில் அது நடக்காது.

மெமரி ஃபோம் விற்பவர் "நாசா டெக்னாலஜி" என்பார். அதில் பொய்யில்லை. 1966இல் நாசா ஆராய்ச்சியில் விமான இருக்கைகளுக்காக உண்டானதுதான். ஆனால் நாசாக்காரர் யாரும் மே மாதம் கரன்ட் போன மயூர் விஹாரில் அதில் படுத்துப் பார்க்கவில்லை. உடம்புச் சூட்டில் இளகி, குளிரில் இறுகும் சரக்கு அது. ஜனவரியில் ஹீட்டர் இல்லாத அறையில் படுத்தவுடன் விறைப்பாக இருக்கும், கோடையில் சூட்டைப் பிடித்து வைக்கும். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் வீட்டுக்குச் சரி. மற்றவர்களுக்கு மேலே ஒரு இஞ்சோ இரண்டு இஞ்சோ இருந்தால் போதும், ஆறு இஞ்ச் முழுக்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் அருமையான பொருள், விலை அதிகம், கனமும் அதிகம். கலப்பா, முழுசும் இயற்கையா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தனித்தனிப் பைக்குள் சுருள் வைத்த பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையில் ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியாது. சுருள்களைக் கம்பியால் பிணைத்த பானல் (bonnell) ஸ்பிரிங் விலை குறைவு, ஆட்டம் அதிகம். தேங்காய் நார் மெத்தை காற்றோட்டமானது, கெட்டியானது, நாளாவட்டத்தில் படுக்கிற இடம் குழியும். இலவம் பஞ்சு மெத்தையைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடிநாயக்கனூர்ப் பஞ்சு லேசாக, குளுமையாகத்தான் இருக்கும். தலையணைக்கு அதற்கு ஈடே இல்லை. மெத்தையாக என்றால் கட்டி தட்டும், பிரித்து அடித்துத் தைக்க இங்கே ஆள் தேட வேண்டும்.

உயரம் ஆறு இஞ்ச் போதும். கடையில் பத்து இஞ்ச் ராஜா மாதிரி தெரியும். நான் தைக்கிறவள் என்பதால் சொல்கிறேன்: பரவலாகக் கிடைக்கும் 90க்கு 100 விரிப்பு, 78க்கு 72 கட்டிலில் ஆறு இஞ்ச் மெத்தையைப் போர்த்தி, அகலவாட்டில் பக்கத்துக்கு மூன்று இஞ்ச் செருக மீதி விடும். பத்து இஞ்ச் என்றால் மெத்தையின் அடிவரைக்கும் கூட எட்டாது. வீட்டில் இருக்கிற அத்தனை விரிப்பும் வீண். வயசானவர்கள் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா என்பதையும் பாருங்கள்.

மெத்தைக் கடைகள் இருக்கும் இடம் என்றால் கீர்த்தி நகர். மெட்ரோவில் இறங்கி நடக்கலாம், பஞ்ச்குயான் ரோட்டிலும் கடைகள் உண்டு. கட்டில் பழையது போதும் என்றால் அமர் காலனி. மெத்தையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், மூட்டைப்பூச்சியை வீட்டுக்கு அழைத்து வருவது மாதிரி. கடைக்குப் புடவை கட்டிக்கொண்டு போகாதீர்கள், சல்வாரில் போங்கள். கூச்சப்படாமல் படுக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போதும் தூங்குகிற வாக்கில், பத்து நிமிஷமாவது. உங்கள் தலையணையைக் கையோடு எடுத்துப் போனாலும் தப்பில்லை. மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை நுழையுங்கள். தாராளமாக நுழைந்தால் உங்களுக்கு அந்த மெத்தை ரொம்பக் கெட்டி. நுழைக்கவே முடியாமல் இடுப்பு புதைந்தால் ரொம்ப மெத்து. கணவன் மனைவி இருவருமே படுத்துப் பாருங்கள், ஒருவர் படுக்க மற்றவர் விலை பேசுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

விலைக்கு வருவோம். எம்.ஆர்.பி.யைப் பார்க்கவே வேண்டாம். அதில் நாற்பது சதவீதம் தள்ளுபடி என்பது வருஷம் முழுக்க நடக்கிற கூத்து. தீபாவளி சேல் வரட்டும் என்று இலவு காத்த கிளியாக வெறும் தரையில் படுத்துக் காத்திருக்க வேண்டாம். ஒரே வகை, ஒரே அடுக்கு, ஒரே எடை உள்ள மெத்தைக்கு மூன்று கடையில் கையில் கொடுக்கும் கடைசி விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா, மூன்றாம் மாடி வரை ஏற்றிக் கொடுக்கவும் சேர்த்தா என்று கேளுங்கள். "ஃப்ரீ டெலிவரி" என்பது பல நேரம் கேட் வரைக்கும்தான், அப்புறம் டெம்போ பையா மாடிக்கு இவ்வளவு என்பார். விலை இறங்காத கடையில் வாட்டர்ப்ரூஃப் உறையும் இரண்டு தலையணையும் கேளுங்கள், அது கிடைக்கும். "பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் குறைச்சுக்கலாம்" என்று ஒரு குரல் வரும். பில் இல்லாவிட்டால் வாரன்டியும் இல்லை, நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டாலும் காட்டக் காகிதம் இருக்காது.

வாரன்டியில் வருஷத்தைப் பார்க்காதீர்கள், குழியைப் பாருங்கள். எத்தனை இஞ்ச் குழிந்தால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கும், ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று. ஆள் படுக்காமல் தானாக நிற்கும் குழிதான் கணக்கு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் ஸ்கேலை இறக்கினால் தெரியும். கறை பட்டால் வாரன்டி செல்லாது என்பதும் அதே தாளில் இருக்கும். ஆகவே வாட்டர்ப்ரூஃப் உறையை முதல் ராத்திரிக்கு முன்பே போடுங்கள். நூறு நாள் தூங்கிப் பார்த்துத் திருப்பலாம் என்பவர்களிடம் பணமாகத் திரும்புமா, வேறு மெத்தையாகத்தானா, எடுத்துப்போகும் கூலி யாருடையது என்று கேளுங்கள்.

மெத்தை வந்தவுடன், டெம்போ போகும் முன், ஜிப்பைத் திறந்து கடையில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். எடையும் பாருங்கள். சுருட்டி வந்ததை ஒரு நாள் விரித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை போகும், உயரமும் முழுசாக எழும். ஊர் வழக்கப்படி மொட்டைமாடி வெயிலில் போடுவது பஞ்சு மெத்தைக்கு மட்டும். லேடெக்ஸை வெயிலில் போட்டால் ரப்பர் காய்ந்து உதிர ஆரம்பிக்கும்.

பழைய பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடாதீர்கள். குளிர் வருமுன் ரஜாய்க்காரர்கள் பழைய பஞ்சை அடித்துப் புதுசாகத் தைத்துத் தருவார்கள். ஃபோம் மெத்தையைக் கபாடிவாலா (பழைய சாமான் வாங்குகிறவர்) வாங்க மாட்டார். ஆனால் நடுவில் குழிந்த ஃபோமின் ஓரங்கள் நன்றாகவே இருக்கும், அதில் பால்கனிக்கு இரண்டு குஷனும் ஒரு திண்டும் தேறும். பேனாவால் கோடு போட்டு, பல் வைத்த ரொட்டிக் கத்தியால் அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுங்கள். கத்திரிக்கோல் போட்டால் ஓரம் கடித்த மாதிரி வரும், கவர் சரியாக உட்காராது.