வெயிலிலும் மழையிலும் வீணையைக் காப்பது

வெயிலில் வீணைக்கு முதலில் கெடுவது பலாமரம் அல்ல, மெழுகு. தந்திகளுக்குக் கீழே வரிசையாக உள்ள உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த தேன்மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் 40-ஐ நெருங்கும்போதே இளகிவிடும். அந்த நேரத்தில் கமகத்துக்காக, அதாவது சுரத்தை அசைக்க, தந்தியை அழுத்தி இழுத்தால் மெட்டு மயிரிழை இறங்கும். பிறகு அங்கே வாசிக்கும்போது தந்தி அடுத்த மெட்டில் உரசி 'ஜிர்' என்று இரையும். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் வீணையைப் பத்து நிமிஷம்கூட விடக் கூடாது.

மாதம் ஒருமுறை சாரணியை, அதாவது முதல் வாசிப்புத் தந்தியை, சோதியுங்கள். 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டினால் மேல் ஷட்ஜம் (மேல் ஸ்தாயி 'ஸ') கேட்கும். அதே மெட்டில் அழுத்தி வாசித்தாலும் அதே சுருதி வர வேண்டும். ஒரு மெட்டு மட்டும் விலகினால் மெழுகுதான் காரணம். எல்லா மெட்டுகளும் விலகி, மேலே போகப் போக விலகல் கூடினால் தந்திகளைக் குடத்தின் மேல் தாங்கும் குதிரை நகர்ந்திருக்கிறது. குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் இழுப்பில் நிற்பது. அதனால் சரியாக இருக்கும்போதே அதன் கால்களைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் குதிரை சாய்ந்துவிடும்.

இறங்கிய மெட்டை மெழுகுவர்த்தியாலோ ஹேர் டிரையராலோ சூடாக்கித் தூக்கப் பார்க்காதீர்கள். ஒன்றைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்து நான்கும் ஆடும். மேளம் கட்டுபவரிடம், அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்துத் தருபவரிடம், கொடுப்பதே மலிவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிருடைகள் (தந்தியை முறுக்கும் மர முளைகள்) ஊதி இறுகும். ஏசி அறையில் அதே பிருடை சுருங்கி வழுக்கும். வழுக்கினால் சாக்பீஸ் தூளைக் கொஞ்சம் தடவி, உள்ளே தள்ளியபடியே திருப்புங்கள். இறுகினால் குறடு வேண்டாம், உடைந்துவிடும். ஏசி அறையில் ஒருநாள் வைத்தால் தானே தளரும்.

அறையில் ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும். ஈரமானி சில நூறு ரூபாய்தான். சிலிக்கா ஜெல் பை மூடிய பெட்டிக்குள் மட்டுமே பயன் தரும். 50 கிராம் பை இரண்டு வைத்து, மணிகள் நிறம் மாறியதும் அவற்றைத் தட்டில் கொட்டி, ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வையுங்கள். ஏசிக் காற்று நேராகப் படும் இடமும் மழைநீர் ஊறும் வெளிச்சுவரும் ஆகாது. தனித்தனித் துண்டுகளை இணைத்துச் செய்த ஒட்டு வீணையாக இருந்தால் குடமும் தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) சேருமிடத்தில்தான் விரிசல் முதலில் தெரியும், நகத்தால் வருடிப் பாருங்கள்.

குளிர்ந்த அறையிலிருந்து கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனதும் பெட்டியை உடனே திறக்காதீர்கள், அரை மணி நேரம் கழியட்டும். இல்லையென்றால் எஃகுத் தந்தியில் வியர்வை போல நீர் கோத்து, நாலே நாளில் துரு ஏறும்.