கிருமிக்குச் சத்து போய்ச் சேருமா? மருந்தோடு வைட்டமின் சேரும்போது நடக்கும் தவறுகள்

"காய்ச்சல் தீர்ற வரைக்கும் சத்து மாத்திரையை நிறுத்துங்க, எல்லாம் கிருமிக்குத்தான் போகும்" என்பார் ஒருவர். "ஆன்டிபயாட்டிக்கோட ஒரு பி காம்ப்ளக்ஸும் சேத்துக் குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்பார் இன்னொருவர். பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் இரண்டு பேச்சும் காதில் விழும். எது சரி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தக் கிருமி, எந்த வைட்டமின், அதைக் கிருமி தானே செய்துகொள்கிறதா அல்லது வெளியிலிருந்து எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாக்டீரியாவுக்கும் வைட்டமின் என்பது நொதிகள் வேலை செய்யத் தேவைப்படும் துணைப்பொருள்தான். ஆனால் கிடைக்கும் வழி கிருமிக்குக் கிருமி மாறும். காசநோய்க் கிருமி பயோட்டின், பி6, ஃபோலேட் மூன்றையும் தானே தயாரிக்கும். குடலில் வாழும் ஈ.கோலைக்கு பி12 செய்யத் தெரியாது. வெளிச்சவ்வில் அதற்கென்றே உள்ள ஒரு புரதத்தின் வழியாக உள்ளே இழுக்கும். சால்மோனெல்லா பி12-ஐச் செய்யும், அதுவும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான். ரத்த பேதி உண்டாக்கும் ஷிகெல்லா, நிக்கோட்டினிக் அமிலத்தை (நியாசின்) தயாரிக்கும் மரபணுக்களை இழந்துவிட்டது. அதை நம் உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

முதல் தவறு ஃபோலிக் அமிலத்தில். சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல் (சல்ஃபாவும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக்) எழுதினால், வீட்டிலிருக்கும் இரும்பு–ஃபோலிக் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். தேவையில்லை. ஈ.கோலை போன்ற பெரும்பாலான கிருமிகளால் தயாரான ஃபோலேட்டை உள்ளே எடுக்க முடியாது. பாபா எனப்படும் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்திலிருந்து தாமே கட்டியாக வேண்டும். சல்ஃபா மருந்து அந்த பாபா போலவே உருவம் கொண்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டிரைமெத்தோபிரிம் அடுத்த படியை அடைக்கிறது. நாமோ ஃபோலேட்டைச் செய்வதே இல்லை, உணவிலிருந்து எடுக்கிறோம். அதனால்தான் சல்ஃபா கிருமியைத் தாக்கி நம்மை விட்டுவிடுகிறது. கர்ப்பிணிகள் விஷயம் வேறு: முதல் மூன்று மாதத்தில் டிரைமெத்தோபிரிம் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கர்ப்பம் என்பதை மருந்து எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அதைத் தாமாக நிறுத்தக் கூடாது.

விதிவிலக்கு எண்டரோகாக்கஸ் என்ற குடல் கிருமி. இது வெளியிலுள்ள ஃபோலேட்டை எடுத்துக்கொள்ளும். லேபில் மருந்து வேலை செய்வதாகத் தெரியும், நோயாளியிடம் வேலை செய்யாது. ஆகவே எண்டரோகாக்கஸுக்கு கோட்ரைமாக்சசோல் 'சென்சிட்டிவ்' (மருந்துக்கு அடங்கும்) என்று ரிப்போர்ட்டில் எழுதுவதே பிழை. சோதனைத் தட்டில் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எழுதக் கூடாது.

சீழ்க் கட்டியில் இன்னொரு சிக்கல். செத்த திசுவிலும் சீழிலும் பாபாவும், டி.என்.ஏ. கட்டத் தேவையான தைமிடினும் நிறையக் கிடக்கும். ஃபோலேட் வழியை மருந்து அடைத்தாலும், அதன் கடைசிப் பொருளான தைமிடின் தயாராகக் கிடைத்தால் சீழ்க் கட்டி உண்டாக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் எடுத்துப் பிழைத்துக்கொள்ளும். கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றாமல் மாத்திரையை மட்டும் நீட்டித்துக்கொண்டே போவது வீண். மரத்துப்போக ஊசி போடுபவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம்: புரோக்கெயின் உடலில் உடைந்து பாபாவாகிறது, சல்ஃபாவுக்கு எதிராக நிற்கும். லிக்னோகெயினில் அந்தத் தொல்லை இல்லை.

லேபில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். கிருமியின் வைட்டமின் தேவை நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான். குழந்தைகளுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சாவுக்கு இரண்டு பொருள் வேண்டும்: எக்ஸ் காரணியான ஹீமின், வி காரணியான என்.ஏ.டி. பின்னது நியாசினிலிருந்து வருவது. சாதாரண ஆட்டு ரத்த அகரில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) என்.ஏ.டி. சிவப்பணுவுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், வெளியே வருவதையும் ரத்தத்திலுள்ள நொதி அழித்துவிடும். கிருமி வளராது, 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போகும். சாக்லேட் அகர் இதற்காகத்தான். ரத்தம் கலந்த அகரை 75–80 டிகிரி செல்சியஸில், பழுப்பு நிறம் வரும் வரை சூடாக்கினால் அணுக்கள் உடையும், அந்த நொதியும் சாகும். அவசரத்தில் கொதிக்கவிட்டால் என்.ஏ.டி.யும் சேர்ந்து போகும், தட்டு சாக்லேட் நிறமாகவே இருக்கும், உள்ளே சத்து இருக்காது. நிறத்தை நம்பாமல் தெரிந்த ஹீமோஃபிலஸ் ஒன்றை ஒவ்வொரு பேட்சிலும் போட்டுப் பாருங்கள். 5–10 சதவீத கார்பன் டை ஆக்சைடும் வேண்டும்.

சாக்லேட் அகர் கைவசம் இல்லையென்றால் ரத்த அகரில் மாதிரியைப் பரப்பி, குறுக்கே ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸை ஒரு கோடு இழுக்கலாம். ஸ்டாஃபைலோகாக்கஸ் கசியவிடும் என்.ஏ.டி.யை எடுத்து, அந்தக் கோட்டை ஒட்டி மட்டும் சிறு சிறு புள்ளிகளாக ஹீமோஃபிலஸ் முளைக்கும். இதே வித்தை அபியோட்ரோஃபியாவுக்கும் உதவும். இதய வால்வில் தொற்றும் இந்தக் கிருமிக்குப் பைரிடாக்சால் என்ற பி6 வடிவம் வேண்டும். ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலிருந்து எடுத்துக் கிராம் சாயம் போட்டால் உருண்டைக் கிருமி (காக்கஸ்) தெரியும், தட்டில் ஒன்றும் வராது. அப்படி வந்தால் 'கன்டாமினேஷன்' (வெளிக்கிருமி கலப்பு) என்று தூக்கிப் போடாமல் கோடு இழுத்துப் பாருங்கள்.

மருந்துச் சோதனைக்குப் பயன்படும் மியூலர்–ஹிண்டன் அகரில் தைமிடின் கூடிப்போனால் கோட்ரைமாக்சசோல் வட்டம் சுருங்கும் அல்லது உள்ளே மங்கலாகப் படரும். நல்ல மருந்தை 'ரெசிஸ்டன்ட்' (வேலை செய்யாது) என்று எழுதிவிடுவோம். புதிய பேட்சை எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் ஏ.டி.சி.சி. 29212 என்ற தரச்சோதனைக் கிருமியை வைத்துச் சோதிக்க வேண்டும். 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெளிவான வட்டம் வந்தால் தட்டு நல்லது. நோயாளி மாதிரியைப் படிக்கும்போது வட்டத்துக்குள் 20 சதவீதத்துக்குள் இருக்கும் மெல்லிய வளர்ச்சியைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

காசநோய்க்கு வருவோம். 'சத்து மாத்திரைதானே' என்று பி6-ஐ விட்டுவிடுபவர்கள் அதிகம். காசநோய் மருந்தான ஐசோனியசிட் நம் உடலிலுள்ள பி6-உடன் ஒட்டிக்கொண்டு சிறுநீரில் அதையும் இழுத்துச் செல்கிறது. உள்ளங்கால் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று தொடங்கும். சர்க்கரை நோயாளி, மது அருந்துபவர், கர்ப்பிணி, பாலூட்டுபவர், எச்.ஐ.வி. உள்ளவர், உடல் மெலிந்தவர் ஆகியோருக்கு இது சீக்கிரம் வரும். தடுக்க நாளுக்கு 10–25 மி.கி. போதும். கிருமி தன் பி6-ஐத் தானே செய்துகொள்வதால் இந்த அளவு அதற்குத் தீனியாகாது, மருந்தின் வேகத்தையும் குறைக்காது. கால் எரிந்தால் டி.பி. மாத்திரையை நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. மருத்துவரிடம் சொல்லி பி6 அளவைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கடையில் தாமாகவே வாங்கும் 'நரம்பு மாத்திரை'யில் பி6 நூற்றுக்கணக்கான மி.கி. கணக்கில் மாதக்கணக்காகச் சேர்ந்தால், அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பி12 விஷயம் சுருக்கமாக. சிறுகுடலில் கிருமி பெருகினால் நாம் சாப்பிடும் பி12-ஐ அவை தின்றுவிடும். ஃபோலேட்டையோ அவையே செய்து தரும். ரத்தத்தில் பி12 குறைவாகவும் ஃபோலேட் கூடுதலாகவும் இருந்தால் குடலைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தசோகை என்று ஃபோலிக் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்புச் சேதம் ஓசையில்லாமல் தொடரும். பி12 ஊசிக்குப் பிறகு முகத்தில் பரு வருவதற்கும் கிருமித் தொடர்பு உண்டு: பி12 வெளியிலிருந்து கிடைத்ததும் பருக்கிருமி தன் பி12 தயாரிப்பைக் குறைத்து, அழற்சியூட்டும் போர்ஃபிரினைக் கூட்டுவதாக 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. குறைபாடு உள்ளவர் பருவுக்காக ஊசியைக் கைவிடக் கூடாது.

வைட்டமின் கே-யில் கவனம் தேவைப்படுவது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு. குடல் கிருமிகள் வைட்டமின் கே-யில் ஒரு பங்கைத் தருகின்றன. செஃபோபெரசோன் போன்ற ஆன்டிபயாட்டிக் அவற்றைக் குறைப்பதோடு வைட்டமின் கே சுழற்சியையும் தடுக்கும். அந்த ஆன்டிபயாட்டிக் தொடங்கிய சில நாட்களில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் சோதனை) பார்த்துவிடுங்கள்.

கடைசியாகக் கோழி. பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் வாங்கும்போது கூடவே பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் தண்ணீரில் கலக்கிறார்கள். நோய்க்குக் காரணம் பாக்டீரியா அல்ல, ஐமீரியா என்ற ஒற்றைச் செல் உயிரி. ஆனாலும் கணக்கு அதேதான். ஆம்ப்ரோலியம் தயாமின் போல வேடமிட்டு, ஐமீரியாவுக்கு தயாமின் போகும் வழியை அடைக்கிறது. டானிக்கில் நிஜத் தயாமினைக் கொட்டினால் வழி மறுபடி திறந்துவிடும். வழக்கமான 0.012 முதல் 0.024 சதவீத அளவில் 3–5 நாள் மருந்து மட்டும் தண்ணீரில் போகட்டும். அது முடிந்த பிறகு டானிக் கொடுக்கலாம்.