ஒரே டிஸ்க்கில் இரண்டு லினக்ஸ்: ஓடுவதை நகலெடுத்து இரண்டாவதாக்கும் முறை

ரங்கூனில் நான் பார்த்துக்கொடுக்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இன்னும் லினக்ஸ் மின்ட் 21 வரிசையில்தான் இருக்கின்றன. அதற்கு 2027 வரை ஆதரவு உண்டு. 22-க்கு மாறினால் 2029 வரை கவலையில்லை. ஆனாலும் மாறத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. தமிழ்99 விசைப்பலகை, பர்மிய விசைப்பலகை, பிரிண்டர், கோயில் தமிழ் வகுப்புப் பாடங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சரிசெய்த கணினி அது. மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியபின், பழைய ஸௌஜி எழுத்துருவில் இருக்கும் கோப்புகளைத் திறக்கத் தனி ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்களும் உண்டு. மேம்படுத்தும்போது நடுவில் ஏதாவது கெட்டால், மொபைல் டேட்டாவில் எல்லாவற்றையும் மறுபடி இறக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதனால் நான் சொல்லும் வழி இது. இருப்பதை அப்படியே அதே டிஸ்க்கில் இன்னொரு பகுதிக்கு (பார்ட்டிஷன்) நகலெடுங்கள். புதிய பதிப்பை நகலில் மட்டும் ஏற்றிப் பாருங்கள். மூலம் தொடப்படாமல் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் அதற்குள் போகலாம். நகலெடுக்க டேட்டாவும் செலவாகாது.

இது எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த தொடக்க முறை) வழியாகத் தொடங்கும் கணினிக்கான விளக்கம். மின்ட் நிறுவும்போது எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் உங்களுடையது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தாலோ பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறைமையைப் பயன்படுத்தினாலோ இந்த வழி வேண்டாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். நகலும் மூலமும் ஒரே டிஸ்க்கில் இருப்பதால், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இந்த நகலை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது கரண்ட். பகுதியைச் சுருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு முறைமையே சிதைந்துபோகலாம். லேப்டாப்பில் பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். பேட்டரி பழசாகி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்றால், உங்கள் வட்டாரத்துக்குக் கரண்ட் வரும் முறை தொடங்கியவுடன் வேலையை ஆரம்பியுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். எஸ்எஸ்டியில் வேலை சீக்கிரம் முடியும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதே டிஸ்க்கிலிருந்து படித்து அதிலேயே எழுதுவதால் ரொம்ப நேரம் இழுக்கும்.

முதலில் மின்ட் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவ் கைவசம் இருந்தால் அதுவே போதும். டிஸ்க்கைப் பிரிக்க உதவும் ஜிபார்ட்டெட் என்ற நிரலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

1. இடம் உண்டாக்குதல்

பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ட்4 பகுதியைச் சுருக்க முடியாது, அதனால்தான் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஜிபார்ட்டெட்டைத் திறந்தால் டிஸ்க் பட்டையாகத் தெரியும். தொடக்கத்தில் சின்னதாக ஃபேட்32 என்று இருப்பது இஎஃப்ஐ பகுதி. அதைத் தொடாதீர்கள். பெரிய எக்ஸ்ட்4 பகுதிதான் உங்கள் மின்ட்.

அதன்மேல் வலது கிளிக் செய்து ரீசைஸ்/மூவ் எடுங்கள். வலது ஓரத்தை மட்டும் இடப்பக்கம் இழுங்கள். இடது ஓரத்தை நகர்த்தினால் உள்ளிருப்பது முழுவதையும் இடம் மாற்ற வேண்டிவரும், ஆபத்தும் கூடும். எவ்வளவு சுருக்குவது? நகல் விழும் இடம் மூலப் பகுதியின் அளவுக்குக் குறையக் கூடாது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஜிபார்ட்டெட்டில் ஏறக்குறைய 223 என்று தெரியும். உள்ளே 35 ஜிபி நிரம்பியிருந்தால் மூலத்தை 70-க்குச் சுருக்கலாம். நகலுக்கு 70 போக மீதி பாடங்களுக்கும் படங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும். மேலே உள்ள டிக் குறியை அழுத்தினால்தான் வேலை நடக்கும்.

2. நகல்

மூலப் பகுதியில் வலது கிளிக், காப்பி. காலி இடத்தில் வலது கிளிக், பேஸ்ட். மறுபடி டிக். முடியும்வரை கணினியை அப்படியே விட்டுவிடுங்கள்.

3. அடையாளத்தை மாற்றுதல்

பலருக்கும் வேலை கெடுவது இங்கேதான். நன்றாகக் கவனியுங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. நடுக் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. லினக்ஸ் எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நகலெடுத்தபோது எண்ணும் சேர்ந்து வந்துவிட்டதால், இப்போது இரண்டு பகுதிக்கும் ஒரே எண். எது திறக்கும் என்று சொல்லவே முடியாது. இதை மூன்று இடத்தில் மாற்ற வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது.

முதல் இடம் பகுதியேதான். ஜிபார்ட்டெட்டில் நகலின்மேல் வலது கிளிக் செய்து நியூ யூயூஐடி. பிறகு லேபிள் ஃபைல் சிஸ்டம் எடுத்து ஒரு பெயர் கொடுங்கள். எக்ஸ்ட்4 பெயருக்கு 16 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும் என்பதால் சின்னதாக ஓர் ஆங்கிலப் பெயர் போதும். டிக் அழுத்தியபின் இரண்டு பகுதிகளின் இன்ஃபர்மேஷனையும் திறந்து, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். கையால் பார்த்துத் தட்டாதீர்கள்.

இரண்டாவது, நகலுக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப். தொடங்கும்போது எந்தப் பகுதியை எங்கே திறக்க வேண்டும் என்ற பட்டியல் அது. ஃபைல் மேனேஜரில் நகலைத் திறந்து, ஈடிசி அடைவுக்குப் போய், காலி இடத்தில் வலது கிளிக் செய்து ஓபன் அஸ் ரூட் (நிர்வாகி உரிமையோடு திறப்பது) கொடுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில், யூயூஐடி எண்ணை அடுத்துத் தனியாக ஒரு சாய்கோடு (/) மட்டும் இருக்கும் வரியில் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். பூட், இஎஃப்ஐ என்று வரும் வரியில் எட்டு எழுத்தில் குட்டியாக ஓர் எண் இருக்கும். அந்தப் பகுதி இரண்டுக்கும் பொது, அதனால் அப்படியே விடுங்கள்.

மூன்றாவது, பூட் அடைவில் கிரப் என்பதற்குள் இருக்கும் கிரப்.சிஎஃப்ஜி. கணினி தொடங்கும்போது எதைத் திறப்பது என்று மெனு காட்டும் நிரல்தான் கிரப். இதையும் ரூட்டாகத் திறந்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் மூலம் பழைய எண் வரும் எல்லா இடத்திலும் புதியதைப் போடுங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு குழப்பம் நேரும். மெனுவில் நகலின் பெயர் வரும், அதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஆனால் திறப்பது மூலமாக இருக்கும். மூலத்தின் கிரப் மெனுவுக்காக டிஸ்க்கில் உள்ள மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்ற நிரல், நகலின் கிரப்.சிஎஃப்ஜியைப் படித்து அங்கிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்வதுதான் காரணம். நகலில் மேம்படுத்துகிறோம் என்று நினைத்து மூலத்தையே மேம்படுத்திவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

கையோடு நகலின் ஈடிசியில் ஹோஸ்ட்நேம் கோப்பிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் கணினியின் பெயரை மாற்றுங்கள். டெர்மினலைத் திறந்ததும் எதற்குள் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

4. மெனுவில் சேர்த்தல்

பென்டிரைவை எடுத்துவிட்டு மூலத்தைத் தொடங்குங்கள். டெர்மினலில் சூடோ, ஓர் இடைவெளி, அப்டேட்-கிரப் என்று தட்டுங்கள். நகலின் பகுதியைக் கண்டதாக ஒரு வரி வர வேண்டும். வரவில்லையென்றால் ஈடிசி, டிஃபால்ட், கிரப் என்ற கோப்பில் ஓஎஸ்-புரோபரை முடக்கும் வரியைத் தேடுங்கள். கிரப் 2.06 முதல் அது முடக்கப்பட்டே வருகிறது. வரியின் முன்னால் # இருந்தால் எடுத்துவிட்டு, மதிப்பு ஃபால்ஸ் என்று இருக்கிறதா பார்த்துச் சேமித்து, கட்டளையை மறுபடி ஓட்டுங்கள்.

மறுதொடக்கம் செய்து மெனுவில் நகலைத் தேர்ந்தெடுங்கள். மெனு காட்டாமல் நேராக உள்ளே போனால், தொடங்கும்போது எஸ்கேப் விசையை ஒரு முறை தட்டுங்கள். டெர்மினலில் புதிய கணினிப் பெயர் தெரிந்தால் நகலுக்குள் வந்துவிட்டீர்கள். அங்கேயும் ஒரு முறை அப்டேட்-கிரப் ஓட்டிவிடுங்கள்.

5. மேம்படுத்தியபின்

நகலில் புதிய கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) ஏறினால் மூலத்தின் மெனுவுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறையும் மூலத்துக்குப் போய் அப்டேட்-கிரப் ஓட்ட வேண்டும். பதிப்பே மாறும்போது இன்னொன்றும் நடக்கும். நகல் கிரப்பைப் புதிதாக நிறுவிக்கொண்டு, மெனுவைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். இரண்டும் இஎஃப்ஐ பகுதியில் ஒரே அடைவைப் பயன்படுத்துவதுதான் காரணம். மூலம் மெனுவில் கீழே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. பொறுப்பை மறுபடி மூலத்துக்கே தர நினைத்தால், அதற்குள் போய் சூடோ கிரப்-இன்ஸ்டால், பிறகு சூடோ அப்டேட்-கிரப்.

புதிய பதிப்பில் விசைப்பலகை, பிரிண்டர், பழைய பர்மியக் கோப்புகள் மூன்றையும் ஒரு வாரமாவது பயன்படுத்திப் பாருங்கள். பிடித்திருந்தால் நகலையே அன்றாட வேலைக்கு வைத்துக்கொண்டு, மூலத்தை அவசரத்துக்கு விட்டுவையுங்கள். பிடிக்கவில்லையென்றால் மேலே சொன்னபடி மெனுப் பொறுப்பை மூலத்துக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகே நகலை ஜிபார்ட்டெட்டில் அழியுங்கள். அழித்தபின் மூலத்தில் இன்னொரு முறை அப்டேட்-கிரப் ஓட்டினால் மெனுவிலிருந்தும் அது போய்விடும்.