ஆங்கில வகுப்பில் சூழலியல் பாடம்: எங்கே சறுக்குகிறோம்?

கல்லூரி ஆங்கில வகுப்பில் ஆற்றையோ மரத்தையோ பற்றிய கவிதை வந்துவிட்டால், முதல் அரைமணி நேரம் புவி வெப்பமயமாதல் ஸ்லைடுகளுக்கே போய்விடுகிறது. அதன் பிறகு கவிதையைத் திறக்கும் மாணவர் தேடுவது 'மெசேஜ்' ஒன்றைத்தான். "இயற்கையைக் காப்போம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்.

ஏ.கே. ராமானுஜனின் 'எ ரிவர்' கவிதையை எடுத்துக்கொள்வோம். மதுரை, வைகை, கோடையில் வற்றிய மணல், மதகுக் கம்பிகளில் சிக்கிய வைக்கோலும் தலைமுடியும். உடனே 'நதி மாசு' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். கவிதையின் குத்தலோ வெள்ளம் வந்தால் மட்டும் பாட வரும் கவிஞர்கள் மேல். வெள்ளத்தில் போன பசுக்களுக்குப் பெயர் இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் கொஞ்ச நேரம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். (கஷ்டம்தான்.) 50 நிமிட வகுப்பென்றால் இரண்டு முறை உரக்க வாசிக்க 10 நிமிடம், யார் எதைப் பார்க்கத் தவறுகிறார் என்று இருவர் இருவராக அடிக்கோடிட 15, பேச 15. அணை, மணல் அள்ளல், சாக்கடை பற்றிய தகவலெல்லாம் கடைசி 10 நிமிடத்தில் போதும்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்பிரிங்' (1962) நூலின் முதல் அத்தியாயத்தை நடந்த செய்தியாக நடத்துவது இன்னொரு தவறு. அதில் வரும், பறவைகள் மௌனமான ஊர் கற்பனை. வெவ்வேறு ஊர்களில் உண்மையாக நடந்த கேடுகளை ஓர் ஊரில் சேர்த்ததாக அத்தியாய முடிவில் அவரே சொல்கிறார். அந்தப் பத்தியை விட்டுவிட்டால், 'அமெரிக்காவில் ஓர் ஊர் அழிந்தது' என்று விடைத்தாளில் வந்து நிற்கும். நூல் பேசுவது பூச்சிக்கொல்லியை. பருவநிலை மாற்றத்தை அதில் திணிக்காதீர்கள்.

அமிதாவ் கோஷின் 'தி ஹங்க்ரி டைட்' நாவல் முழுவதையும் பொது ஆங்கிலத் தாளில் வைத்தால் மாணவர் கைக்குப் போவது நாவல் அல்ல, நோட்ஸ். 1979இல் மேற்கு வங்கச் சுந்தரவனக் காட்டிலுள்ள மரிச்ஜாப்பித் தீவிலிருந்து, அங்கே குடியேறியிருந்த வங்க அகதிகள் வெளியேற்றப்பட்டதைச் சொல்லும் சில பக்கங்கள் போதும். புலிக்காகக் காக்கப்பட்ட காடா, குடியேறிய ஏழைகளா என்ற கேள்வியில் ஆசிரியர் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் வகுப்பு அடங்கிவிடும்.

தேர்வில் 'இயற்கையின் முக்கியத்துவம்' என்று கட்டுரை கேட்டால் வருவது மனப்பாடம். அதற்குப் பதில் மரம் வெட்டியது பற்றிய ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கொடுங்கள். செயப்பாட்டு வினையில் உள்ள வாக்கியங்களைச் செய்வினைக்கு மாற்றச் சொல்லுங்கள். வெட்டியவர் யாரென்று செய்தியில் இல்லாத இடத்தில் மாணவர் திணறுவார். அங்கே, எந்த அலுவலகத்திடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி எழுதினால் அதற்கும் மதிப்பெண்.