பறவைப் படம் எடுக்கப் பழகலாம்: பக்கத்து ஏரியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகப் பறவைப் படம் எடுக்க வருகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கே நிற்கிறோம், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில்தான் படம் பாதி முடிந்துவிடுகிறது.

கருவி

கையில் டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ (லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய கேமராக்கள்) இருந்தால் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று போதும். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் குறையில்லை. கேமராவே இல்லாதவர்களுக்கு நிக்கான் பி950 மாதிரியான சூப்பர் ஜூம் கேமரா நல்ல தொடக்கம். தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் திணறும். 600 மி.மீ. லென்ஸ் ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கும் ஷட்டர் பிரியாரிட்டி முறையில் வையுங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/800 நொடி, பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் இருக்கட்டும், உச்ச வரம்பை மட்டும் 3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்க வேண்டும்: கேனனில் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. ஃபோகஸ் புள்ளி பறவையின் கண்ணில் விழட்டும். கண் தெளிவாக இருந்தால் இறகு நுனி கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும்.

வெயிலில் வெள்ளைக் கொக்கை எடுத்தால் இறகு விவரமெல்லாம் வெளுத்துப் போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 பக்கம் இறக்குங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்துக் கறுப்பு நீர்க்காகத்தை எடுக்கும்போது பிளஸ் 1.

எங்கே நிற்பது

வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். இது பலருக்கும் தெரியும். காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். அதனால் வெயிலும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால், பறவை வெளிச்சத்தில் முகம் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வரும். நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். காலையில் ஏரியின் கிழக்குப் பக்கம் நின்றால் இரண்டும் சேர்ந்து அமையும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவதால் அப்போது மாலை நேரமும் மேற்குக் கரையும்தான் சரி. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

முதல் பறவை: பஞ்சுருட்டான்

அரிய பறவையைத் தேடி அலைய வேண்டாம். மின்கம்பியிலும் இலையில்லாத குச்சியிலும் உட்காரும் பச்சைப் பஞ்சுருட்டானைப் போல நல்ல ஆசிரியர் கிடைக்காது. அது தும்பியையோ தேனீயையோ பிடிக்கப் பறந்து போகும். பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வந்து இரையை அடித்து அடித்துத் தின்னும். போகும்போது துரத்தாதீர்கள். குச்சியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், திரும்பி வந்து இறங்கும் நொடியில் தொடர்ந்து படம் எடுங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தாலே அதன் தாளம் பிடிபட்டுவிடும்.

நெருங்கும்போது நேராக அதை நோக்கி நடக்கக் கூடாது. சாய்வாக நடந்து, நின்று, உட்கார்ந்து, அப்புறம் கொஞ்சம் நகருங்கள். இறகு கோதிக்கொண்டிருந்த பறவை சட்டென்று நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், போதும், அங்கேயே நின்றுவிடுங்கள். சாலையோரப் பறவைகளுக்குக் காருக்குள்ளிருந்து எடுப்பது இன்னும் சுலபம். நடந்து வரும் ஆளுக்குப் பயப்படும் அளவுக்கு வண்டிக்குப் பயப்படுவதில்லை.

நீரோரப் பறவை என்றால் அதன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். பின்னணி தள்ளிப் போய் மென்மையாகும். படுக்கும் முன் புல்லை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், ஏரிக்கரையில் விரியன் இருக்கும்.

கூட்டை விட்டுவிடுங்கள்

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நீங்கள் கூட்டருகே நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை திரும்பி வராது. முட்டை வெயிலில் காயும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் பக்கத்துத் தரையில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம், வந்த வழியே திரும்புங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கல்லெறிந்து பறக்கவிடுவதும் வேண்டவே வேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். ஒரு படத்தை விட்டுக்கொடுப்பது நமக்குப் பெரிதில்லை.

கை பழகிய பிறகு வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை என்று போகலாம். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மாலையில் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். பறக்கும் பறவையை எடுத்துப் பழக அதைவிட வசதியான இடம் குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகு

படங்களைப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். மங்கியிருந்தால் அழித்துவிடுங்கள், தயங்காதீர்கள். பெயர் தெரியாத பறவையை மெர்லின் செயலியில் போட்டுப் பார்க்கலாம். நாள், இடத்தோடு இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிவிட்டால் உங்கள் படம் ஆய்வாளர்களுக்கும் உதவும். ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். எங்கேயாவது 15 நிமிடம் நின்று பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டால் போதும், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.