இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே: எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கணக்கு

வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் (வேலை செய்யாத சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்று முடிவானதும் முதலில் வாங்க வேண்டியது ஒரு எடை மெஷின். நாங்கள் அதை வாங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நாங்கள் பட்டதை இன்னொரு வீடு படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு அருப்புக்கோட்டை. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டியவர். சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் முடக்கிவிட்டன. ஆரம்பத்தில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்பதையெல்லாம் பார்த்து, இரண்டு போதும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை முடித்து வந்தால் அடுத்தது செவ்வாய்தான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. தலையணை ஒன்று, இரண்டு, மூன்று வைத்தும் மூச்சு வாங்கியது. கடைசியில் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விடியவைத்தார். சளி என்று நினைத்து நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தால் நாலரைக் கிலோ கூடியிருந்தது. அத்தனையும் தண்ணீர். நுரையீரல் வரை ஏறியிருந்தது.

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் என்றால் டயாலிசிஸ் மெஷின் செய்வது 12 மணி நேரம்தான். சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுபோனவருக்கு மிச்ச நேரத்தில் உள்ளே போகும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. வியர்வையிலும் மூச்சிலும் போவது கொஞ்சம்தான். அதனால் எத்தனை முறை போகிறோம் என்பதைப் போலவே, நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதும் முக்கியம். இப்போது நாங்கள் திங்கள், புதன், வெள்ளி போகிறோம். அதிலும் வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே ஒரு நாள் கூடுதலாக விழுகிறது. அமெரிக்காவில் 32,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 2011இல் வந்த ஆய்வில், அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறும் மற்ற நாட்களைவிட அதிகம் என்று தெரிந்ததாம். டாக்டர் அதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் சனியும் ஞாயிறும்தான் கெடுபிடி. செலவுக்காக இரண்டோடு நிறுத்தியிருப்பவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் ஒரு தடவை கேளுங்கள். இரண்டா மூன்றா என்பதை டாக்டர் சொல்லட்டும். இன்னும் நன்றாகச் சிறுநீர் போகிற சிலருக்கு இரண்டு போதுமானதாக இருக்கலாம். எங்களைப் போல நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

சரி, எடைக்கு வருவோம். உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது உள்ள எடையை 'டிரை வெயிட்' என்பார்கள். அவருக்கு அது 56 கிலோ. அதற்கு மேல் ஒன்றிரண்டு நாளில் ஏறுவதெல்லாம் தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஏறினால் ஒரு கிலோ. மெஷினைப் பாயின் மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள். காலையில் வயிறு கழிந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், தினமும் ஒரே மாதிரி உடையில் ஏறி நிற்கவேண்டும். எங்கள் மெஷின் ஆஸ்பத்திரி மெஷினைவிட 400 கிராம் குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன். தேதி, எடை, பி.பி., சிறுநீர் அளவு, கால் வீக்கம் என்று ஐந்து கட்டம் போட்டால் போதும்.

எவ்வளவு ஏறலாம்? இதை எங்களுக்கு விளங்கவைத்தவர் டயாலிசிஸ் டெக்னீஷியன் தம்பிதான். டயாலிசிஸ் மெஷின் எவ்வளவு தண்ணீரை வேண்டுமானாலும் இழுக்கும், உடம்புதான் தாங்காது என்றார். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுப்பது இதயத்துக்குக் கெடுதல். 10 மில்லிக்குள் நின்றால் இன்னும் நல்லது. 56 கிலோவுக்கு, நான்கு மணி நேரத்தில், 10 மில்லி வீதம் 2,240 மில்லி. அதனால் எங்கள் எல்லை இரண்டேகால் கிலோ. நாலரைக் கிலோவோடு போனால் 13 மில்லி வீதம் எடுத்தாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் பி.பி. விழும், கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும். உங்கள் எடையைப் போட்டு இதே கணக்கைச் செய்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

எல்லாரும் "தண்ணீரைக் குறைங்க" என்றுதான் சொல்வார்கள். நான் சொல்வது, முதலில் உப்பைக் குறையுங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டில் இருக்கிறதே, அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் உடம்பும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் உப்பை வைத்துக்கொள்கிறது. ஒன்பது கிராம் கூடுதலாகச் சாப்பிட்டால், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கிற வரை தாகம் விடாது. உப்பைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொடுக்காமல் இருப்பது ஒரு மனுசனை வதைப்பது. அந்த எட்டு மாதமும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். அவர் ராத்திரியில் திருட்டுத்தனமாக எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்ததற்குச் சண்டை போட்டிருக்கிறேன். தப்பு என் சமையலில் இருந்தது.

இப்போது அவருக்கென்று ஒரு சின்ன டப்பா. காலையில் அதில் 4 கிராம் உப்பு போட்டுவிடுவேன், தலைதட்டிய டீஸ்பூனுக்கும் குறைவு. அன்றைக்கு முழுதும் அவ்வளவுதான். இட்லி மாவை ஆட்டியதும் உப்புப் போடுவதற்கு முன்பே அவர் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுவேன். சோறு வடிக்கும்போது உப்பு கிடையாது. குழம்பும் கூட்டும் உப்பில்லாமல் வைத்து, அவருடையதை எடுத்த பிறகு மற்றவர்களுக்குப் போடுவேன். உப்பு இல்லாத குறையை மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலையை நன்றாக வறுத்துப் பொடித்துச் சரிக்கட்டலாம். சுடச்சுடப் பரிமாறினால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பரோட்டாவுக்கு ஊற்றுகிற சால்னா எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. சாத்தூர் காராச்சேவைக் கைவிடுவதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பன், பிஸ்கட்டிலும் உப்பு உண்டு, மறந்துவிடாதீர்கள். இந்துப்பும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். இளநீரும் அதே காரணத்தால் ஆகாது.

அப்புறம்தான் தண்ணீர். முந்தின நாள் போன சிறுநீர் அளவோடு 500 மில்லி சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவருக்கு 200 மில்லி போகிறது, ஆக 700. காலையில் ஒரு பாட்டிலில் 700 மில்லி பிடித்து வைத்துவிடுவேன். அவர் டீ குடித்தால், அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவோம். ரசம், மோர், பாயசம், கஞ்சி, ஐஸ்கட்டி எதுவானாலும் அப்படியே. பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்குக் குடிக்கக்கூடியது. கண்ணெதிரே இருப்பதால் எனக்கும் அவருக்கும் வாக்குவாதமே வருவதில்லை. வீட்டிலிருக்கும் டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் மருந்து மூடியால் ஒருமுறை அளந்துவிடுங்கள். எங்கள் கரண்டி 60 மில்லி, அத்தை காலத்து டம்ளர் 180. நான் அதை நூறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தர்பூசணியும் நுங்கும் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக் கவளத்தோடு விழுங்கப் பழகினால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் மிச்சமாகும். சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும். அதனால் திடீரென்று அதிகத் தாகம் என்றால் சர்க்கரையையும் பாருங்கள்.

டிரை வெயிட் ஒரே இடத்தில் நிற்காது, இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. போன வருடம் காய்ச்சலில் பத்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. டயாலிசிஸ் முடிந்ததும் எடை சரியாக 56 காட்டியது, ஆனால் பி.பி. குறையவில்லை, நடந்தால் இரைத்தது. சதை கரைந்த இடத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது, எடையில் அது தெரியவில்லை. நோட்டைக் காட்டியதும் டாக்டர் மெல்ல மெல்ல 54½ வரை இறக்கினார், மூச்சு சரியானது. பிறகு பசி திரும்பி உடம்பு தேறியபோது தலைகீழாக நடந்தது. முடிகிற நேரத்தில் கால் பிடிப்பு, தலைசுற்றல். அப்போது ஏற்றவேண்டியிருந்தது. ஆக, நோய் வந்து எழுந்த பிறகும், சாப்பாடு கூடினாலும் குறைந்தாலும், எடையைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மெஷினில் இருக்கும்போது அடிக்கடி கொட்டாவி விட்டால், வியர்த்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பி.பி. இறங்குவதற்கு அறிகுறி அது. நடுவில் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது. அன்று காலை பி.பி. மாத்திரை போடலாமா என்று முன்பே கேட்டுவையுங்கள். பஸ்ஸைப் பிடிக்க அரை மணி முன்னதாகக் கழற்றச் சொல்கிறவர்கள் உண்டு, நாங்களும் செய்தோம். மாதம் பதின்மூன்று முறை அப்படிச் செய்தால் ஆறரை மணி நேரம், ஒன்றரை டயாலிசிஸுக்கும் மேல் தவறவிட்டதற்குச் சமம். இப்போது அடுத்த பஸ்ஸில் வருகிறோம்.

படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தால் அது சளி இல்லை, நுரையீரலில் ஏறிய தண்ணீர். இருமும்போது நுரைநுரையாக வந்தாலும், கால் தளர்ந்து நாடி மெதுவானாலும் ஆபத்துதான். விடியட்டும், அடுத்த முறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், டயாலிசிஸ் நோயாளி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம்) இருக்கிற கையில் ஊசி போடவோ பி.பி. பார்க்கவோ விடாதீர்கள். எடை நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.